எட்டாவது சுற்றுக்கு இடமில்லை

மால்டாவில் ஓர் ஆன்லைன் சூதாட்ட நிறுவனத்தில், பெரிய தொகை கட்டுபவர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. ஃபின்லாந்தில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த யர்மோ அவர்களில் ஒருவர். சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள் உள்ள ரூலெட் சக்கரத்தில் நூறு யூரோவைச் சிவப்பில் வைப்பார். தோற்றால் அடுத்த முறை இரண்டு மடங்கு வைப்பார். சிவப்பு வந்தே தீரும், விட்டதெல்லாம் திரும்பிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

ஒரு மதியம் தொடர்ந்து ஆறு முறை கறுப்பு வந்தது. ஏழாவது சுற்றுக்கு ஆறாயிரத்து நானூறு வேண்டும். அந்த மேசையில் ஐயாயிரத்துக்கு மேல் வைக்க முடியாது. யர்மோ என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ரோமினா, வரம்பைக் கொஞ்சம் ஏத்தி விடும்மா.”

மேலாளர் சால்வுவிடம் கேட்டேன். “தோக்குற ஆளுதானே, பத்தாயிரமா ஆக்கிடு” என்றார். இரண்டு நிமிடத்தில் ஆக்கினேன்.

ஏழாவதும் கறுப்பு. இப்போது பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வேண்டும்.

யர்மோ மறுபடி அழைத்தார். “எவ்வளவு ஏத்தினாலும் எனக்குப் பத்தாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?”

அவர் கணக்கைத் திரையில் திறந்தேன்.

“என் கணக்கை மூடிடு.”

சால்வுவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “உடனே மூடாதே. ஐஸ் ஹாக்கி டிக்கெட் ரெண்டு அனுப்பு, மனசு மாறிடுவாரு.”

அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை யர்மோ அதே மேசையில் நூறு யூரோவைச் சிவப்பில் வைத்தார். அந்த மாதம் எனக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.