அண்ணியின் வக்கீல்

நாற்பத்தொரு வயதில் மலர்கொடி கறுப்புக் கோட்டு மாட்டியபோது மரக்காணத்தில் சிரிக்காதவர்கள் குறைவு. தவமிருந்து பெற்ற பிள்ளைகள் இரண்டும் இன்னும் பால்வாடியைத் தாண்டவில்லை. கணவன் தமிழரசன் விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விடுவான். அவளைச் சட்டக் கல்லூரியில் சேர்த்து ஊர் வாயை அடைத்தவர் அண்ணன் மணிவண்ணன். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் அண்ணி பூவிழி.

அன்று காலை அண்ணன் வீடு பூட்டிக் கிடந்தது. போனை யாரும் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள். கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கும் ரேகாவிடம் அவர்களை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு இலவசமாக ஆஜராகும் முறை அன்று அவளுடையது.

பெண்டாட்டியின் கையை உடைத்த கேஸ் என்றார் போலீஸ்காரர். மலர்கொடி நிமிர்ந்தாள். இரண்டு போலீஸாருக்கு நடுவே அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

வரப்பில் வழுக்கிவிட்டது, கதவு இடித்துவிட்டது என்று அண்ணி சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எதையும் அவள் துருவிக் கேட்டதில்லை.

மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்து, ஆஜராகிறீர்களா என்று கேட்டார்.

"நீயே பேசு மலரு," என்றார் அண்ணன் மெதுவாக. "உன்ன படிக்க வெச்சது நான்தான?"

அவள் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினாள்.

"அவரு என் கூடப்பொறந்த அண்ணன், ஐயா. என்னால முடியாது. வேற வக்கீல நியமிச்சிடுங்க."

மதியம் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு பூவிழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சின்னவன் "அத்தே" என்று கட்டிலில் தொற்றி ஏறினான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லணும்னு எத்தினியோ வாட்டி வந்தேன். நீ படிச்சினு இருந்த. படிப்பு கெட்டுடப் போவுதுன்னு திரும்பிட்டேன்."

மலர்கொடி கட்டிலில் ஏறியிருந்த சின்னவனைப் பார்த்தாள். அடிபட்ட கையால்தான் அண்ணி இத்தனை நாளும் தன் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று, அரசு வக்கீலுக்குப் பக்கத்தில் பூவிழியின் வக்கீலாகப் போய் நின்றாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்தவள் கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பூவிழி நல்ல கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.