மஞ்சள் தொப்பிக் கணக்கு

வெளிநாட்டுக்குப் புனித யாத்திரை போகிறவர்களுக்கு அறிவுரை சொல்வதில் என் அத்தானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யாத்திரைக் கம்பெனியே அவருடையதுதான். புறப்படுவதற்கு முன் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து மைக்கைப் பிடித்தாரென்றால், சாமியே வந்து கேட்டாலும் தரமாட்டார். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். புதுச் செருப்பு வேண்டாம். கூட்டத்துக்குள் போகும்போது போனை என்னிடம் கொடுங்கள். கம்பெனியின் மஞ்சள் தொப்பியைக் கழற்றவே கூடாது. வழி தவறினால் நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள், நானே தேடி வருவேன்.

ஒருவர் கேட்கவேண்டுமே! மாத்திரையெல்லாம் பெரிய பெட்டிக்குள் போனது. கைப்பை நிறைய, சொந்தக்காரர்களுக்குப் புனித நீர் பிடித்துவரக் காலி பாட்டில்கள். பாதிப் பேர் காலில் பளபளவென்று புதுச் செருப்பு. போனையும் யாரும் கொடுக்கவில்லை, என் அக்காவைத் தவிர. அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறென்ன செய்வாள்?

அத்தானுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது, அவர் பிழைத்தால் இந்த யாத்திரையில் வரும் பெரிய ஆலயத்துக்கு நேரில் வந்து கும்பிடுவதாக வேண்டிக்கொண்டவள் அவள். பிழைத்தவர் ஊரையே அங்கே கூட்டிப்போனார். அவளுக்கு மட்டும் எப்போதும் "அடுத்த தடவை". இம்முறை யாரோ கடைசி நேரத்தில் வரவில்லை என்றதும், டிக்கெட் வீணாகிறதே என்று அத்தானுக்குப் பாசம் பொங்கிவிட்டது. பெட்டிகளுக்கு அட்டை கட்ட என்னையும் இழுத்துக்கொண்டார்.

கடைசி நாள்தான் ஆலயம். நான் விடுதி வாசலில் பெட்டிகளோடு காத்திருந்தேன். பஸ் திரும்பி வந்தது. மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. அக்காவைக் காணோம்.

"அத்தான், அக்கா எங்க?"

"பின் சீட்டுல இருப்பா. எண்ணித்தானே ஏத்தினேன், கணக்கு கரெக்டா இருக்கு."

பின் சீட்டிலிருந்து ஒரு மீசைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார். தலையில் அதே மஞ்சள் தொப்பி. எங்களுக்குப் புரியாத மொழியில் ஏதோ கேட்டார். வேறு கம்பெனிக் கூட்டத்து ஆள். அத்தான் எண்ணியது தொப்பியை, முகத்தை இல்லை.

"அவள எங்க விட்டீங்க?"

"வாசல்ல நில்லு, பஸ்ல நுழைவுச் சீட்டு இருக்கு, எடுத்துட்டு வர்றேன்னு சொன்னேன். அதுக்குள்ள இவங்க எல்லாம் அடுத்த வாசல்ல போலாம்னு இழுத்துட்டாங்க..."

"போன் பண்ணுங்க!"

பண்ணினார். அவர் தோளில் கிடந்த பைக்குள் மணி அடித்தது.

அவரை இழுத்துக்கொண்டு டாக்சி பிடித்தேன். பாஷை தெரியாத ஊர், கையில் போன் கிடையாது, காசு கிடையாது. டாக்சியில் வழிநெடுக அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து ஒரு அறிவுரைகூட வரவில்லை.

அக்கா வாசல் தூணருகிலேயே நின்றிருந்தாள். வெயிலில் முகம் கருகிப்போயிருந்தது. தொப்பி மட்டும் தலையில் ஒழுங்காக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அத்தானுக்கோ பயம் போனதும் குரல் வந்துவிட்டது. "யாரையாவது கேட்டு ஹோட்டலுக்கு வர வேண்டியதுதானே!"

"நகரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சரி சரி, வா. பிளைட்டுக்கு நேரமாச்சு. அடுத்த தடவை நிம்மதியா கும்பிடலாம்."

அக்கா தொப்பியைக் கழற்றினாள். தலைவர் என்பதால் தொப்பியே போடாத அவர் தலையில் அதை வைத்து, நன்றாக அழுத்திவிட்டாள்.

"உங்க உசுருக்காக வேண்டிக்கிட்டது. கும்பிடாம வரமாட்டேன். இங்கயே நில்லுங்க. நகந்துடாதீங்க."

அவர் தோள்பையிலிருந்து தன் நுழைவுச் சீட்டை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அத்தான் தூணோரம் நின்றார். பஸ்ஸிலிருந்து போன் மேல் போன் வந்தது. வியர்வையைத் துடைக்கத் தொப்பியில் கை வைத்தார்.

"கழட்டாதீங்க அத்தான்," என்றேன். "அப்புறம் அவ உங்கள எப்படிக் கண்டுபிடிப்பா?"