சிவப்பு விழாத நிரல்

பிடரி வலி உயிரை எடுத்தது. காலையிலிருந்து காதர் மைதீன் குனிந்த தலை நிமிராமல், உடன் வேலை செய்யும் ஒடெட் எழுதிய நிரலைத் துழாவிக்கொண்டிருந்தான். வியட்நாமின் சோலோன் வட்டாரக் குளிர்கிடங்குகளுக்கு வரும் லாரிகளைக் கவனிக்கும் மென்பொருள் அது. யார் எழுதினாலும் முதலில் ஒரு டூல் தானாகவே படித்துப் பிழை பிடிக்கும். பிழை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. காதருக்கே சிவப்பு விழுந்தது. ஒடெட்டுக்கு மட்டும் எப்போதும் பச்சை.

அதெப்படி? 'இந்த வரியைப் பார்க்காதே' என்று டூலுக்குச் சொல்லும் குறியை எங்காவது ஒளித்திருப்பாள் என்று தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே சந்தேகத்தை முற்ற வைத்தது. மேலாளர் சதாசிவத்திடம் போனான்.

"அந்தப் புள்ள டூலு கண்ணுல மண்ணத் தூவுது சார்."

"ஆதாரம் இருக்கா?"

"இவ்வளவு சுத்தமா ஈக்குதே, அது போதாதா?"

சதாசிவம் அவளைக் கூப்பிட்டார். அடுத்த நிரலைத் தன் கணினியில் தானே ஓட்டுவதாகவும், தேறாவிட்டால் வேலை இல்லையென்றும் சொன்னார். கோள் சொன்னது யாரென்பதையும் மறைக்கவில்லை.

ஒடெட்டின் அப்பா வழி காரைக்கால், அம்மா வியட்நாமியர். தமிழ் பழகத்தான் தினமும் தன்னோடு தெருமுனைக் காப்பிக் கடைக்கு வருகிறாள் என்று காதர் நினைத்திருந்தான். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டே ஏதாவது கேட்பாள். கதவு எண் காலியாக வந்தால் என்ன ஆகும்? பெட்டிக் கணக்கு பூஜ்யமானால்? இவனும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பான். விசாரணைக்குப் பிறகு அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சதாசிவத்தின் கணினியில் அவளுடைய புது நிரல்மீது டூல் ஓடியது. திரை முழுக்கச் சிவப்பு.

"நீ சொன்னது கரெக்டுய்யா. நாம பக்கத்துல நின்னதும் மாட்டிக்கிச்சு" என்று சதாசிவம் சிரித்தார்.

காதர் பிழைகளைப் படித்தான். லாரி எண் காலியாக வந்தால் நிரல் நின்றுவிடும். எடை பூஜ்யமானால் வகுத்தல் உடையும். எல்லாம் காப்பிக் கடைக் கேள்விகளின் உடன்பிறப்புகள். டூல் பார்க்குமுன்பே இவன்தான் தன்னையறியாமல் பிழை பிடித்துக் கொடுத்திருக்கிறான். இந்த முறை அவளுக்குக் கேட்க ஆளில்லை.

சதாசிவத்திடம் உள்ளதைச் சொன்னான். அவர் அரைமனதாய் நம்பினார். ஒடெட்டின் வேலை தப்பியது.

திங்கட்கிழமை அவள் மேசையில் ஒரு ஐஸ் காப்பியைக் கொண்டுபோய் வைத்தான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுல என்ன தேடப் போறீங்க, அண்ணே?"

காதர் தன் இடத்துக்குத் திரும்பினான். அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.