திக்கிய கார்

சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டரில் கார் ரேஸ் கேம் போட்டி. கம்ப்யூட்டரில் காரோ திக்கித் திக்கி ஓடியது. இப்படியே ஓடினால் ராஜபாளையத்துப் பையன்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டருக்குப் போய்விடுவார்கள் என்று சென்டர் நடத்தும், பஞ்சு மில்லில் பிட்டராக இருந்த தனுஷ்கோடிக்குப் பயம்.

அவருடைய சென்டரில் பாடம் நடத்தும் ஜெய்னப், கண்ணை மூடிக் காதைக் கம்ப்யூட்டர் பெட்டியில் வைத்தாள்.

"என்னம்மா, தூங்குதியா?"

"செத்த நேரம் சும்மா இருங்கண்ணே. கார் திக்கும்போதெல்லாம் சிடி டிரைவ் உறுமுது. சிடியை எதை வச்சுத் துடைச்சீங்க?"

"மில்லு பிட்டர் எதை வச்சுத் துடைப்பான்? பஞ்சு வேஸ்ட்டுதான்."

சிடியை வெளியே எடுத்தாள். இழை இழையாகப் பஞ்சு. சிடியையும், டிரைவைத் திறந்து உள்ளே இருந்த லென்ஸையும் தன் மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தாள். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

சத்தத்தை வைத்தே பழுது சொல்ல மில்லில் தன்னைவிட்டால் ஆளில்லை என்று தனுஷ்கோடி இருபது வருஷம் பேசியவர். வாசலில் இருந்த போட்டி போர்டில் நடுவர் என்றிருந்த இடத்தில் தன் பெயரை அழித்துவிட்டு, ஜெய்னப் என்று எழுதினார்.