எல்லாம் கறுப்புக் கேபிள்

அலுவலகத்தில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். சர்வர் அறை இரைச்சலில் கத்திச் சொல்ல வேண்டியிருப்பதால் எனக்கும் கேட்டுவிடும். கேட்டால் கேட்கட்டும். பல நிறுவனங்கள் எங்களிடம் விட்டிருக்கும் நூற்றுக்கணக்கான சர்வர்களுக்குக் கேபிள் போட்டு, தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இளித்துக்கொண்டு நின்றால் அது நடக்காது.

ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு கேபிள். நீலம் ரேக் அலமாரியின் மேல் சுவிட்சுக்கு, மஞ்சள் கீழ் சுவிட்சுக்கு; சர்வரை வெளியுலகத்தோடு இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். ஒரு சுவிட்ச் படுத்தாலும் மற்றது தாங்கும். வேலை முடிந்ததும் நீலத்தைப் பிடுங்கி, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். அதைச் செருகிவிட்டு மஞ்சளைப் பிடுங்குவேன். பிடுங்கிப் பார்க்காத கேபிளை நான் நம்புவதே இல்லை.

எங்கள் மேனேஜருக்கு நிறம்தான் உறுத்தியது. பெரிய வாடிக்கையாளர்கள் சுற்றிப் பார்க்க வருகிறார்களாம், படம் எடுப்பார்களாம்.

"என்னம்மா இது, கொடியில துணி காயப்போட்ட மாதிரி? எல்லாத்தையும் கறுப்பா மாத்துங்க. பாத்தா ஒரு கெத்து வேணாமா?"

"எது மேல போகுது, எது கீழ போகுதுன்னு எப்படி சார் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார்.

வெளியாட்களைக் கூட்டிவந்து அவரே மாற்றிவிட்டார். பிடுங்கிப் பார்க்கிறேன் என்று போய் நின்றேன். "ஆளுங்க வர்ற நேரத்துல எதையாவது அணைச்சு வெச்சு என் மானத்த வாங்காதீங்க" என்று ரேக் கதவுகளைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் படம் எடுத்தார்கள், கைகுலுக்கினார்கள்.

சில நாளில் ஒரு மேல் சுவிட்ச் செத்தது. சாகும், இயந்திரம்தானே. எல்லா சர்வரும் கீழ் சுவிட்சில் ஓடியிருக்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூட சர்வர் மட்டும் ஓடவில்லை. அதன் இரண்டு கேபிளையும் செத்த சுவிட்சிலேயே செருகி வைத்திருந்தார்கள். சாவியை வாங்கி, கறுப்புக் கொத்துக்குள் ஒவ்வொன்றாக விரலால் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. நடுவில், அதே ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த என் மாமியாரிடமிருந்து போன்.

"ரத்த ரிப்போர்ட் வரலைன்னு எங்கள உக்கார வெச்சுட்டாங்கம்மா. ஆபரேஷனுக்குப் போக வேண்டிய பொண்ணு ஒண்ணு இங்க வலியில துடிக்குது. உங்க ஆபீஸ்ல தான் ஏதோ கெட்டுப்போச்சாமே?"

என்ன பதில் சொல்வது? படம் நன்றாக வந்திருக்கிறது என்றா? அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்று மாலையில்தான் தெரிந்தது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா வந்தார். மேனேஜர் வாய் கூசாமல் சொன்னார். "கேபிளுக்கு இவங்கதான் பொறுப்பு மேடம். சுத்தக் கவனக்குறைவு. வேலைய விட்டு அனுப்பிடலாம். மத்த ரேக்கெல்லாம் பக்கா, நான் கேரண்டி."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என்ன நெஞ்சழுத்தம்!

"கேரண்டியா? வாங்க சார், காட்டுங்க" என்று சர்வர் அறைக்கு நடந்தேன். இயக்குநர் பின்னாலேயே வந்தார். மேனேஜருக்கும் வராமல் இருக்க முடியவில்லை. பக்கத்து ரேக்கைத் திறக்கச் சொன்னேன்.

"ஏதாவது ஒரு கேபிளப் பிடுங்குங்க சார். பக்காவா இருந்தா ஒண்ணும் ஆகாது."

அவர் கை ஒரு கேபிள் வரை போய் நின்றது. பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. கை மெல்லத் திரும்பிப் பைக்குள் போனது.

"இப்ப எதுக்கு மேடம் வீண் ரிஸ்க்கு..."

"பக்கான்னு சொன்னீங்களே?" என்றார் இயக்குநர்.

மேனேஜர் ரேக் கதவைச் சாத்தப் போனார்.

"என்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்றப்ப இந்தப் பயம் வரலையே சார்!" என்றேன்.

இயக்குநர் மேனேஜரிடம் கை நீட்டிச் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"நீங்களே எல்லா ரேக்லயும் பிடுங்கிப் பாத்துடுங்க."

"முதல்ல நீலமும் மஞ்சளும் வரட்டும்" என்று அவரிடமும் சிடுசிடுத்தேன்.