ஊரெல்லாம் உடுத்திய கல்யாண லேஸ்

அரினோலாவும் சிஜுவாடேயும் பேசிக்கொள்ளாமல் ஒரு மழைக்காலமே போய்விட்டது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கணினி விளையாட்டுக்குள் குடும்பம் நடத்துகிற பொம்மை மனிதர்களுக்கு அரினோலா உடை செய்வாள். சிஜுவாடே தலைமுடியும், துணியை மடித்து மடித்துத் தலையில் கோபுரமாகக் கட்டுகிற கெலேயும் செய்வாள். விளையாட்டோடு வருகிற உடைகள் எல்லாம் எங்கேயோ பனி கொட்டுகிற ஊருக்குத் தைத்தவை. நாலு கம்பளிச் சட்டை, ஒரு நீச்சல் உடை, தீர்ந்தது. வெயில் கொளுத்துகிற எங்கள் இபாடானில் அதை உடுத்திக்கொண்டு எவள் விசேஷத்துக்குப் போவாள்? அதனால் எங்கள் பெண்கள் குழு தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டது. அதில் இவர்கள் இருவரும்தான் வலக்கை, இடக்கை.

ஒருநாள் குழுவில், எல்லாரும் பார்க்க, அரினோலா எழுதினாள்: "உன் புது கெலே முட்டைக்கோஸ தலையில கவுத்த மாதிரி இருக்குடி." சிஜுவாடே சும்மா இருப்பாளா? "உன் லேஸ் துணி மட்டும் என்ன வாழுதாம்? மாவு சலிக்கிற சல்லடை!" என்றாள். அவ்வளவுதான். வாய்க்கொழுப்புக்கு மருந்து எந்தக் கடையிலும் விற்பதில்லை.

எங்கள் குழுவின் விளையாட்டு ஊர் இருப்பது என் கணினியில். மறுநாளே சிஜுவாடே வந்து, "என் சாமான நான் எடுத்துக்கிறேன், மொரடேகே அக்கா" என்று தான் செய்த கோப்புகளை எல்லாம் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, என் கணினியில் அழித்துவிட்டுப் போனாள். முடியும் போச்சு, கெலேயும் போச்சு. ஊரில் பாதிப் பெண்கள் மொட்டைத் தலையோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் அவள் ஆட்டிவைக்கும் பொம்மை ஆள் அல்ஹாஜா ரிசிகாத் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டாள். துணிக்கடை முதலாளியம்மா, இரண்டு ஆள் பருமன். அவளை எடுத்தால் கடைத்தெருவே குலைந்துவிடும் என்பதால் சிஜுவாடே விட்டுவைத்தாள். கெலேக்குப் பொருத்தமாகச் சிஜுவாடேயே செய்திருந்த அல்ஹாஜாவின் விருந்து உடைகள் மட்டும் கோப்புகளோடு போய்விட்டன.

இந்த நிலைமையில்தான் அரினோலா தன் ஆளுக்குக் கல்யாணம் வைத்தாள். மணப்பெண் பெயர் அபேகே. கல்யாணம் என்றால் அஷோ எபி இல்லாமல் நடக்குமா? வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே துணியில் வந்து நிற்க வேண்டும். துணி கிடைத்தவள் நம்மவள். கிடைக்காதவளுக்கு யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அரினோலா கருஞ்சிவப்பில் தங்கப்பூ லேஸ் ஒன்று செய்து குழுவில் எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்பினாள். சிஜுவாடேக்கு அனுப்பவில்லை.

முட்டைக்கோஸ், சல்லடை எல்லாம் நாளடைவில் மறந்துபோகும். கல்யாணத் துணியில் விட்டுப்போனது மறக்காது. என் அத்தைகள் இருவர் அப்படிப் பிரிந்தவர்கள், ஒருத்தி சாவுக்கு இன்னொருத்தி வரவில்லை. பொம்மைக் கல்யாணம்தானே என்று நீங்கள் சொல்லலாம். இந்த இருவரையும் எனக்குத் தெரியும். இந்தக் கல்யாணம் சிஜுவாடே இல்லாமல் முடிந்தால் அந்த நட்பும் அன்றோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். கல்யாணம் திரைக்குள்ளே என்றாலும் பசி வெளியேதானே, பெரிய பானையில் ஜொல்லோஃப் சோறு வைத்திருந்தேன். "பஃப்பஃப் உருண்ட பொரிக்க ஆள் இல்ல, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று சிஜுவாடேக்கும் ஃபோன் போட்டிருந்தேன். கொல்லைப்புறமாக வந்தாள்.

"நான் பொரிக்கத்தான் வந்திருக்கேன். பாக்க வரல. இப்பவே சொல்லிட்டேன்."

"உன்ன யாருடி பாக்கக் கூப்பிட்டா? எண்ணெயப் பாரு."

என் வீட்டுக்காரர் அடெகோகே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா? எந்தப் பக்கம் உக்காந்தா கறி ஜாஸ்தி?" என்றார். விரட்டிவிட்டேன்.

திரையில் விருந்தினர் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் கருஞ்சிவப்பு லேஸில் வந்து நிற்க, கூடமே ஆரவாரித்தது. தலைகள்தான் வெறிச்சென்று இருந்தன. எல்லாரும் அதைப் பார்த்தோம். பிறகு ஒரு தபால்காரி வந்தாள். கருஞ்சிவப்பு லேஸ். தெருவில் ஓட்டப்பயிற்சி செய்தவள், கருஞ்சிவப்பு லேஸோடு மூச்சிரைக்க ஓடினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே திருட ஏறினாள் ஒருத்தி. அவளும் அதே லேஸ்.

"அடிப்பாவி, திருடிக்குக்கூட அஷோ எபி குடுத்திருக்கியே! அவ உனக்கு என்ன முறை?" என்றேன். சிரித்துச் சிரித்து ஒருத்தி பாயில் உருண்டாள்.

அரினோலா தலையில் கை வைத்துக்கொண்டாள். உடைக்கோப்பை மூடும்போது ஒரு கட்டம் உண்டு, 'இதை யாரும் உடுத்தலாம்' என்று. அதில் இருக்கும் குறியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், உடை இல்லாத ஆளைக் கண்ட இடத்தில் எல்லாம் விளையாட்டு அதையே போட்டுவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவளே அரினோலாதான். ஆனைக்கும் அடி சறுக்கியது.

"ஊரே உடுத்திட்டா அப்புறம் என்னக்கா மரியாத?" என்று முனகினாள்.

அப்போதுதான் வாசலில் அல்ஹாஜா ரிசிகாத் வந்து நின்றாள். விருந்து உடை இல்லாமல் கிடந்தவளுக்கும் விளையாட்டு கருஞ்சிவப்பு லேஸையே போட்டுவிட்டிருந்தது. மொட்டைத் தலை, பெரிய தோள், நிறைந்த இடுப்பு. நேராக நடந்து வந்து மணப்பெண் பக்கத்தில் நின்றாள்.

பாயில் உருண்டவள் எழுந்து உட்கார்ந்தாள்.

சமையல்கட்டு வாசலில் சிஜுவாடே, கையில் எண்ணெய்க் கரண்டியோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"கழட்டு அத," என்றாள். "நீ குடுக்காத துணிய எங்க அல்ஹாஜா உடுத்த மாட்டா. பிச்ச எடுக்கல நாங்க."

"நான் ஒண்ணும் போட்டுவிடல. விளையாட்டு போட்டுச்சு." அரினோலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும். அதான் கழட்டுங்கறேன்."

எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. அரினோலா விளையாட்டை நிறுத்தி, அல்ஹாஜாவின் உடையை மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். அல்ஹாஜா திரை முழுக்கப் பெரிதாக வந்து நின்றாள். ஒரு சொடுக்கு, லேஸ் போய்விடும். அரினோலாவின் விரல் அசையவில்லை.

"கழட்டச் சொன்னேன்ல," என்று சிஜுவாடே முன்னால் வந்தாள். வந்தவள் திரையைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். அப்புறம் பழைய தொழில்காரியாக அல்ஹாஜாவை ஒரு சுற்று திருப்பச் சொன்னாள். அரினோலாவும் பேசாமல் திருப்பினாள்.

தட்டையாக வரைந்த துணிப்படம்தான் உடம்பில் சுற்றிக்கொள்ளும். ஒல்லி உடம்பை வைத்து வரைந்தால் பருத்த உடம்பில் பூவெல்லாம் இழுபட்டுத் தட்டு தட்டாய் விரியும். பருமனுக்கு வரைந்தது ஒல்லியில் சுருங்கும். அன்று கல்யாணத்தில் பூக்கள் சுருங்கித்தான் கிடந்தன, மணப்பெண் அபேகேயின் இடுப்பில்கூட. அவசரத்தில் வரைந்திருக்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். அல்ஹாஜாவின் மேல் ஒரு பூ இழுபடவில்லை, ஒரு பூ சுருங்கவில்லை. தோளில் ஓரப்பூ வேலை பிசகாமல் வளைந்தது. அக்குளில் தையலும் தையலும் சேர்ந்தன.

"இத யார் உடம்ப வச்சுடி வரைஞ்ச?" என்றாள் சிஜுவாடே.

அரினோலா மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினாள்.

"கேக்கறேன்ல?"

"என் கம்ப்யூட்டர்ல துணி வரைய வச்சிருக்கறது அந்த ஒரு உடம்புதான்," என்றாள் அரினோலா. "எப்பவும் அல்ஹாஜாவ நிக்க வச்சுத்தான் வரைவேன். கோவம் வந்துச்சுன்னு ஆள மாத்திப் பாத்தேன். கை வரலடி."

அவ்வளவு வீம்பையும் தலையில் கட்டிக்கொண்டு, இரவும் பகலும் உட்கார்ந்து, எவளுக்குத் துணி கொடுக்கவில்லையோ அவளுடைய ஆளுக்கே அளவெடுத்துத் தைத்திருக்கிறாள் பைத்தியக்காரி. கல்யாணப் பெண்ணுக்குச் சேராதது அவளுக்குச் சேர்ந்திருக்கிறது.

சிஜுவாடே கரண்டியை என்னிடம் நீட்டினாள். எண்ணெய்க் கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள்.

"தள்ளி உக்காருடி," என்றாள்.

அரினோலா தள்ளி உட்கார்ந்தாள். சிஜுவாடே மிச்சப் பாதியில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய பென்டிரைவைக் கழற்றிக் கணினியில் செருகினாள். மாப்பிள்ளை மோதிரத்தை நீட்டியபடி உறைந்து நின்றான். அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. "கெலே முதல்ல பொண்ணுக்கு. அப்புறம் பொண்ணோட அம்மாவுக்கு. அல்ஹாஜா கடைசியா கட்டிக்குவா, அவ வீட்டு ஆளு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் தலை அசைக்க, இருவர் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. அடுப்பில் பஃப்பஃப் கருகுகிற வாசனை வந்தது.

அந்த நாற்காலி இரண்டு பேரைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.