சீட்டில் பெயர் எழுதும் இடம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிப்பவர். ராமதாஸ் என்பது அவருக்கு நான் வைத்த பெயர். அவர் மகள் பிழைத்தாளா என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. (பொய். பஸ் வரவில்லை. கேட்க எனக்குப் பயம்.)

2

முதல் தொடக்கம்: 'மலை உச்சியில் மேகம் கறுத்திருந்த ஒரு...'

வேண்டாம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மேகம் எதற்கு?

நேராகவே சொல்கிறேன். ராமதாஸுக்கும் ஜோதியம்மாளுக்கும் முதல் இரண்டு குழந்தைகள் தொட்டிலிலேயே செத்துப்போயின. மூன்றாவது பெண்ணைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, குப்பு என்று பெயர் வைத்தார்கள்.* யாருக்கும் வேண்டாதது என்று எமன் விட்டுவிடுவானாம். ஐந்து வயது வரை குப்புவுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

* சிரிக்காதீர்கள். எனக்கும் வீட்டில் அப்படி ஒரு பெயர் உண்டு. சொல்ல மாட்டேன்.

3

1994 ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ராமதாஸ் 'மதிவதனி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாளெல்லாம் ஊரார் துயரத்தை டைப் அடிப்பவர். 'ஏழை' என்று அடிப்பதும் 'ஏரி' என்று அடிப்பதும் அதே விரல்கள்தான்.

"பேருன்றது கூப்புட ஒரு சத்தம். அவ்ளோதான்," என்றார்.

"அந்தச் சத்தத்துலதாங்க எம்பொண்ணு உசுரு நிக்குது," என்றாள் ஜோதியம்மாள்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது.

(ராமதாஸ் மேல் எனக்கு ஒரு சந்தேகம். வெறும் சத்தம்தான் என்றால் குப்பு என்றே விட்டிருக்கலாமே? அழகான சத்தத்துக்கு அவரும் ஆசைப்பட்டிருக்கிறார்.)

4

ஆஸ்பத்திரி. குழந்தைக்கு வலிப்பு வந்து நின்றிருக்கிறது. நர்ஸ் சீட்டும் பேனாவுமாக நிற்கிறார்.

"பாப்பா பேர் சொல்லுங்க."

ஜோதியம்மாள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பேர மட்டும் சொல்லாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

காய்ச்சலுக்குப் படிக்கத் தெரியாது என்று ராமதாஸுக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு எழவில்லை.

"சார், டாக்டர் வந்துட்டாரு. பேருங்க?"

5

முடிவு ஒன்று: 'குப்பு' என்றார், பிழைத்தாள். இப்படி எழுதினால் எமனுக்குக் காது உண்டு என்று நானே சாட்சி சொன்னதாகும்.

முடிவு இரண்டு: 'மதிவதனி' என்றார், விடிவதற்குள் குழந்தை...

இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். வெளியே சொல்லுக்குச் சக்தி உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இந்தக் காகிதத்தில் சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. செத்தாள் என்று எழுதினால் இங்கே அவள் செத்தேபோவாள்.

நர்ஸ் இன்னும் நிற்கிறார். சீட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. பெயரில் ஒன்றுமில்லை என்றுதானே இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள். வாய்விட்டு.